கொடுத்த கால்சியம் எங்கே போகிறது?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டிகளில் தக்காளி வளர்க்கிறேன். செடி செழிப்பாக இருக்கிறது, காயும் பிடிக்கிறது. ஆனால் காயின் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்துவிடுகிறது. கால்சியம் குறைபாடு என்றார்கள். கால்சியம் கொடுத்தும் நிற்கவில்லை. கொடுத்தது எங்கே போகிறது?"

கடைசி வரி அருமையான கேள்வி. கொடுத்த கால்சியத்தில் கணிசமான பங்கு வேரைச் சென்று சேரவே இல்லை. நார்க்கழிவே அதைப் பிடித்துக்கொண்டது.

செடிக்குப் பதினேழு தனிமங்கள் வேண்டும். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்துவிடும். மற்ற பதினான்கையும், பெரும்பாலும் நீரில் கரைந்த அயனிகளாக, அதாவது மின்சுமை கொண்ட நுண்துகள்களாக, வேர் எடுத்துக்கொள்கிறது. வளர்ப்பு ஊடகம், அதாவது வேர்விடும் பொருள், செடியைத் தாங்க வேண்டும், ஈரத்தைக் காக்க வேண்டும், வேர் சுவாசிக்கக் காற்றுக்கும் இடம் விட வேண்டும். இதுவரை பள்ளிப் பாடம். ஆனால் பல ஊடகங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவற்றின் மேற்பரப்பில் மின்சுமை இருக்கிறது.

நார்க்கழிவுத் துகள் ஒன்றை மூலக்கூறு அளவில் பார்ப்போம். அதில், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுதி. லிக்னினோடு ஒட்டியிருக்கும் கார்பாக்சில், பீனால் என்ற அணுத் தொகுதிகள் தங்கள் ஹைட்ரஜனை நீரில் இழக்கும்போது அந்த இடங்களில் எதிர்மின்சுமை தங்கிவிடுகிறது. அந்தச் சுமை ஒருபோதும் தனித்திருக்காது. அருகிலுள்ள ஏதாவது ஒரு நேர் அயனி அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும். தேங்காய் மட்டையில் இயல்பாகவே பொட்டாசியம் அதிகம். உப்புநீரில் ஊறிய மட்டை என்றால் சோடியமும் சேர்ந்துகொள்ளும். ஆக, புது நார்க்கழிவில் பெரும்பாலான இடங்கள் முன்பே நிரம்பிக் கிடக்கின்றன.

இப்போது கால்சியக் கரைசலை ஊற்றுகிறோம். பொட்டாசியம் அயனிக்கு ஒரு மின்சுமை, கால்சியத்துக்கு இரண்டு. சுமை கூடிய அயனியை மேற்பரப்பு இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். ஆகவே ஒரு கால்சியம் வந்து அமர, இரண்டு பொட்டாசியம் கிளம்புகின்றன. செடிக்கு இதில் இரட்டை அடி. கால்சியம் கைநழுவுகிறது. கிளம்பிய பொட்டாசியம் வேரைச் சூழ்ந்து, மிஞ்சிய கால்சியம் உள்ளே நுழைவதற்கும் போட்டியாக நிற்கிறது. மக்னீசியத்துக்கும் இதே கதிதான்.

வெறும் நீரில் எத்தனை முறை கழுவினாலும் இது தீராது. கழுவுவதால் நீரில் கரைந்து திரியும் உப்புகள் போகும். ஒட்டியிருப்பவை போகா. ஓர் அயனி இடத்தை விட வேண்டுமானால் அதே அளவு மின்சுமையோடு வேறோர் அயனி அங்கே வந்தாக வேண்டும். கடன் கிடையாது, பாக்கி கிடையாது. இயற்கையின் இந்தக் கணக்குச் சுத்தத்தை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்குப் பரவசம் குறைவதில்லை.

இந்த அயனிப் பரிமாற்றத்தை முதலில் கண்டவர்கள் இரண்டு ஆங்கிலேயர்கள். எச்.எஸ். தாம்சன் என்ற நிலக்கிழார், மண் அம்மோனியாவைப் பிடித்துவைப்பதைக் கவனித்தார். ஜே. தாமஸ் வே என்ற வேதியியலாளர் அதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 1850-இல் முடிவுகளை வெளியிட்டார். மண் நிரப்பிய குழாயில் அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினால், கீழே கால்சியம் சல்பேட் வடிந்தது. அம்மோனியம் மண்ணில் தங்கிவிட்டது, அதற்கு ஈடாகக் கால்சியம் வெளியேறியது. உப்புகள் நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்ற வேதியியலாளர் அரினியஸின் கொள்கை வருவதற்கு அப்போது இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது!

வேரும் இதே பேரத்தைத்தான் நடத்துகிறது. தன் ஆற்றலைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகிறது. அவை துகள்களின் மேற்பரப்பில் அமர, அங்கிருந்த சத்து அயனிகள் விடுபட்டு நீருக்கு வருகின்றன.

எனவே தீர்வு, நடுவதற்கு முன்பே நார்க்கழிவின் பசியை ஆற்றிவிடுவது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் அதை ஓர் இரவு ஊறவைத்து, நன்றாக வடித்து, பிறகு நல்ல நீரில் அலச வேண்டும். கால்சியம் இடம்பிடிக்கும். வெளியேறிய பொட்டாசியமும் சோடியமும் வடிநீரோடு போய்விடும். எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்த பெர்லைட்டிலும், பாறையை உருக்கி இழையாக்கிய பாறைக் கம்பளியிலும் இந்த வேலையே இல்லை, அவற்றில் அயனிப் பரிமாற்றம் மிகக் குறைவு. ஊற்றியதுதான் வேருக்கு. அளவு தவறினாலும் உடனே செடியில் தெரிந்துவிடும்.

எந்த ஊடகத்துக்கு என்றே சொல்லாமல் அச்சிடப்படும் உர அட்டவணைகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. புதிய ரகங்களை உருவாக்குவதில் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது, அந்த ரகங்கள் வேர்விடும் பொருளை ஆராய்வதற்குப் பொதுப் பணத்திலிருந்து ஒதுக்க வேண்டும்.

செடிக்குள் நுழைந்த பிறகும் கால்சியத்தின் பாதை ஒருவழிதான். வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசெல்லும் குழாயான சைலத்தில் ஏறும் நீரோடு அது போகிறது. நீர் எங்கே அதிகம் ஆவியாகிறதோ அங்கேதான் அதிகம் சேரும். இலையில் ஆயிரக்கணக்கான துளைகள், தக்காளிக் காயின் தோலிலோ துளையே இல்லை. காம்பிலிருந்து தொலைவில் இருக்கும் அடிப்பக்கம் கடைசிப் பந்தியில் அமர்கிறது. ஒரு நாள் தொட்டி காய்ந்துபோனாலும், வேகமாகப் பெருத்துக்கொண்டிருக்கும் பிஞ்சின் அந்த முனையில் செல்கள் சிதைகின்றன. முதலில் நீர் கோத்ததுபோல் ஒரு புள்ளி தோன்றும். பிறகு அது பழுப்பாகி, கறுத்து, தோல்போல் இறுகும்.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுபவற்றில் எப்சம் உப்பு நேர் எதிரானது. அது மக்னீசியம் சல்பேட், கால்சியத்தோடு போட்டியிடும். முட்டை ஓடு கரைவதற்குள் காய்ப்பே முடிந்துவிடும். இலைமேல் பால் தெளிப்பதும் வீண், ஏனென்றால் இலைக்குள் போன கால்சியத்தை, இலையில் உருவான உணவைச் சுமக்கும் குழாயான புளோயம் காய்க்குத் திருப்பிக் கொண்டுவருவது இல்லை என்றே சொல்லலாம். அம்மோனியம் உரத்தைக் குறைத்து நைட்ரேட் வடிவில் தழைச்சத்து தருவது உதவும், அம்மோனியமும் நேர் அயனிதானே.

கறுத்த காய் இனித் தேறாது, பறித்துவிடுங்கள். அதே தொட்டியில், வடிதுளை வழியாகச் சிறிது வெளியேறும் அளவுக்குக் கால்சியம் நைட்ரேட் கலந்த நீரை ஊற்றி, ஈரம் ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், அதன் பிறகு பிடிக்கும் பிஞ்சுகளில் வித்தியாசம் தெரியும்.