‘கொன்ஸ்திபாத்’ மலச்சிக்கல் அல்ல, ‘மயக்கம்’ ஒரே நோயும் அல்ல

மருந்துக் கடைக்கு வரும் ஒரு சுற்றுலாப் பயணி, தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் தனக்கு ‘கான்ஸ்டிபேட்டட்’ என்கிறார். ஊர் பார்சலோனா, தாய்மொழி கட்டலான். கடைக்காரர் மலச்சிக்கல் என்று நினைத்து லாக்டுலோஸ் பாட்டிலைக் கொடுத்துவிட்டால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவருக்கு வயிற்றுப்போக்கு. மூக்கடைப்பு மட்டும் அப்படியே இருக்கும். கட்டலானில் ‘கொன்ஸ்திபாத்’ என்றால் சளி பிடித்திருக்கிறது என்று பொருள். மலச்சிக்கலுக்கு அவர்களிடம் ‘ரெஸ்த்ரெஞிமென்’ என்று வேறு சொல் இருக்கிறது.

எதிர்த்திசையில் நடந்தால் இன்னும் மோசம். இங்கிருந்து பார்சலோனா போன ஒருவர் மலச்சிக்கலுக்கு அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, சளி மாத்திரையோடு திரும்பலாம். பல சளி மருந்துகளில் குளோர்பெனிரமின் இருக்கும். மூக்கொழுகலைக் குறைக்கும் அதே மருந்து குடலின் அசைவையும் மந்தமாக்கும். இருக்கிற சிக்கல் இறுகும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: நெருக்கி அடைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல். ஆங்கிலமும் பிரெஞ்சும் அதைக் குடலுக்கு வைத்துக்கொண்டன. குளிர் பட்டுத் தோலின் துளைகள் அடைபட்டு, வியர்வை உள்ளே தங்குவதால் சளி வருகிறது என்ற பழைய நம்பிக்கையின் வழியே கட்டலானும் ஸ்பானிஷும் அதைச் சளிக்கு வைத்துக்கொண்டன. நாம் தலையில் நீர் கோத்துக்கொண்டது, நீர்க்கோவை என்று சொல்வதில்லையா? அதுவும் உடம்பைப் பற்றிய ஒரு பழைய கணக்குதான்.

மொழிபெயர்ப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டிய கண்ணி ஒன்று உண்டு. கட்டலான் பேசுவோரில் பெரும்பாலோருக்கு ஸ்பானிஷும் தெரியும். சந்தேகம் வந்து ஸ்பானிஷில் கேட்டுப் பார்த்தால் ‘கொன்ஸ்திபாதோ’ என்பார்கள். அதுவும் சளிதான். இரண்டு மொழியிலும் கேட்டாயிற்று, ஒரே சொல்தான் வருகிறது என்ற நிம்மதியில் தவறு இன்னும் உறுதிப்படுகிறது. சொல்லைச் சொல்லால் சோதித்துப் பயனில்லை. மூக்கைத் தொட்டுக் காட்டுகிறாரா, வயிற்றையா என்று பாருங்கள்.

இப்படி ஒரு சொல்லால் ஒரு வாழ்க்கையே முடங்கியிருக்கிறது. 1980இல் புளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவர் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். ஸ்பானிஷ் பேசும் குடும்பம் ‘இன்டொக்சிகாதோ’ என்றது. சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் சொன்ன பொருள். ஆங்கிலக் காதில் அது போதை என்று விழுந்தது. போதை மருந்து அளவு மீறியதாகக் கருதிச் சிகிச்சை நடந்தது. மூளையில் இரத்தம் கசிந்தது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. கை கால் நான்கும் செயலிழந்தன. வழக்கில் ஏற்பட்ட இழப்பீட்டு உடன்பாடு அவர் வாழ்நாளுக்கு ஏறத்தாழ 7 கோடியே 10 லட்சம் அமெரிக்க டாலர்.

சிங்கப்பூரில் இந்தக் கண்ணி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இந்தோனேசியப் பணிப்பெண் ‘பூசிங்’ என்கிறார். இங்கே மலாய் கேட்டுப் பழகியவர்களுக்கு அது சுற்றுவது, திரும்புவது. இந்தோனேசிய மொழியில் தலைசுற்றல். பேச்சுவழக்கில் தலைவலிக்கும் அதையே சொல்வார்கள். எங்கோ சுற்றிவரக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். ‘சாக்கிட் கெப்பாலா’வா, ‘பெர்புத்தார்’ரா என்று கேளுங்கள். முன்னது தலைவலி, பின்னது சுழல்வது.

தமிழுக்குள்ளும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தார் ‘தடிமன்’ என்றால் சளி, தமிழ்நாட்டில் பெரும்பாலும் பருமன். ஆனால் நம் மருத்துவ உரையாடல்களில் மிக அதிகமாகக் குழப்புவது ‘மயக்கம்’தான். பாலிகிளினிக்கில் பாட்டிக்குத் துணையாக வரும் பேரப்பிள்ளைக்கு ஆங்கிலம் சரளம், தமிழ் பாதி. பாட்டி “மயக்கமா வருதுய்யா” என்றதும் பிள்ளை டாக்டரிடம் ஆங்கிலத்தில் ‘கிடி’ (giddy, தலைசுற்றல்) என்று சொல்லிவிடுகிறது. அந்த ஒரு சொல்லில் நான்கு வேறு நிலைகள் காணாமல் போகின்றன.

டாக்டரிடம் சொல்வதற்கு முன், பாட்டியிடம் தமிழிலேயே கேளுங்கள். “வீடே சுத்துற மாதிரி இருக்கா?” ஆமாம் என்றால், அதுவும் படுக்கையில் புரளும்போது வந்தால், காதின் உட்பகுதியைப் பார்ப்பார்கள். “எழுந்து நிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வருதா?” என்றால் இரத்த அழுத்தம் இறங்குகிறதா, அழுத்த மாத்திரை கூடிவிட்டதா என்று சோதிப்பார்கள். “நெனவே போயிருச்சா, கீழ விழுந்தீங்களா?” என்பது முற்றிலும் வேறு, இதயத் துடிப்பை இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். “தூக்கம் தூக்கமா வருதா?” என்றால் மருந்தின் விளைவாக இருக்கலாம். நீரிழிவுக்காரர் என்றால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, விழுங்கும் தெளிவும் இருந்தால், 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள்.

இந்த அளவிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. சென்னையிலிருந்து வந்த அத்தை “சுகர் 140” என்பார், அது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. இங்கே மில்லிமோல் கணக்கில் அதே அளவு 7.8. அவர் எண்ணை 18ஆல் வகுத்தால் நம் எண் வரும்.

‘கேஸ்ட்ரிக்’ என்ற சொல்லையும் அப்படியே கொடுக்காதீர்கள். இங்கே அது வயிற்று எரிச்சல், வாயு, மேல்வயிற்று வலி எல்லாவற்றுக்கும் பொது. வெளிநாட்டில் படித்துப் புதிதாக வந்த டாக்டருக்கு அது ‘வயிறு சார்ந்த’ என்ற அரைகுறைச் சொல். நெஞ்சில் பாறாங்கல் வைத்தது போல அழுத்தி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியைக்கூட “கேஸ்தான்” என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் குடித்துக் காத்திருப்பவர்கள் உண்டு. வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ அந்தப் பெயரையே எடுக்காமல், வலி எங்கே, எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் பரவுகிறது என்று மட்டும் 995இல் சொல்லுங்கள்.