உளவுச் செயலி: போனைத் தொடாமலே உள்ளே வருமா?

"போனை ஹக் பண்ணிப்போட்டாங்கள்." கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் இப்போது போனுக்கு வரும் எல்லா வருத்தத்துக்கும் இதுதான் பெயர். முகநூல் கணக்குப் பறிபோனாலும் இதுதான், வட்ஸ்அப்பில் எழுதியதை வேறொருவர் திருப்பிச் சொன்னாலும் இதுதான், பற்றரி கெதியாய் இறங்கினாலும் இதுதான். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்பதால் கேள்வியும் கலங்கிப்போகிறது. நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு, போனைத் தொடாமலே, ஒருவர் உளவுச் செயலியை ஏற்ற முடியுமா? சாதாரண ஆளால் முடியாது. பணமுள்ள அரசால் முடியும். இடையில் மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது. அதில் கதவைத் திறந்துவிடுவது போன்காரரேதான்.

ஆங்கிலத்தில் இது 'ஸ்பைவேர்'. 'ஸ்பை' ஒற்றர், 'வேர்' சரக்கு. மரத்தின் வேரோடு குழப்பவேண்டாம். 1995 ஒக்ரோபர் 16 அன்று யூஸ்நெற் என்ற பழைய இணைய விவாதக் களத்தில் மைக்ரோசொப்ற்றின் வியாபார முறையைக் கேலிசெய்த பதிவொன்றில் இச்சொல் முதலில் காணப்படுகிறது. 2000இல் சோன் லாப்ஸ் நிறுவனம், வலைவழி ஊடுருவலைத் தடுக்கும் தன் தீச்சுவர் மென்பொருள் பற்றிய அறிக்கையில் எடுத்தாண்ட பிறகே இன்றைய பொருள் நிலைத்தது. கணவன், மனைவி, காதலர் என்று கூட இருப்பவரைப் பார்க்க விற்கப்படும் வகையைப் பின்னர் 'ஸ்ரோக்கர்வேர்' என்று பிரித்தார்கள்.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை. மிகப் பழையது ஒற்று. குறளில் 59ஆம் அதிகாரம் முழுவதும் ஒற்றாடல்தான். ஒற்றுதல் என்ற வினைக்குத் தொடுதல், அழுத்துதல் என்ற பொருளும் உண்டு. கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே, அந்த ஒற்று. வேவு என்பது 'வேய்' என்ற அடியிலிருந்து வந்தது. பகைவரின் ஆநிரை, அதாவது மாட்டு மந்தை, எங்கே நிற்கிறது என்று மறைந்திருந்து அறிந்துவருவதை, ஆநிரை கவர்தலைச் சொல்லும் வெட்சித்திணையில் 'ஒற்றின் ஆகிய வேயே' என்கிறது தொல்காப்பியம். வன்னியில் இந்தச் சொல் ஏட்டில் தூங்கவில்லை. தலைக்கு மேலே இரைந்துகொண்டு சுற்றிய வேவு விமானத்தைச் சனம் 'வண்டு' என்றது. வண்டு முற்றத்தில் இறங்காது, ஆனால் முற்றம் முழுக்கத் தெரியும். உளவு அப்படியல்ல. அது 'உள்' என்ற அடியில் பிறந்த சொல். உள்ளே ஆள் இருந்தால்தான் உளவு.

இந்த வேறுபாட்டை அப்படியே போனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. உள்ளே ஏற்றிவைக்கப்படுவதை உளவுச் செயலி என்போம். தொடாமல் தூரத்திலிருந்து நுழைவதை வேவு மென்பொருள் என்போம்.

உளவுச் செயலி ஏற என்ன வேண்டும்? லொக் திறந்த போனும் பத்து நிமிட அவகாசமும். இந்தச் செயலிகள் பிளே ஸ்ரோரில் வருவதில்லை. உலாவியில் ஏபிகே கோப்பாக, அதாவது அன்ரொயிட் செயலியை நிறுவும் கோப்பாக, இறக்கவேண்டும், வெளிச் செயலிகளை நிறுவ அந்த உலாவிக்கு அனுமதி கொடுக்கவேண்டும், தீய செயலிகளைத் தேடிப் பிடிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ற்றை நிறுத்தவேண்டும். பிறகு அறிவிப்புகளை வாசிக்கும் அனுமதி, செயலியை எளிதில் அழிக்கவிடாத சாதன நிர்வாகி அனுமதி, பற்றரிச் சேமிப்பிலிருந்து விலக்கு, கடைசியாக ஐகனை மறைத்தல். எல்லாவற்றிலும் உயிர்நாடி 'அணுகல்தன்மை' என்ற அனுமதி. பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்ல உருவான வசதி அது. வட்ஸ்அப் செய்தி வழியெல்லாம் பூட்டுப் போட்டுத்தான் வரும், ஆனால் திரையில் விரிந்த பிறகு பூட்டு ஏது? அங்கேதான் இந்தச் செயலி வாசிக்கிறது. அன்ரொயிட் 13 முதல், வெளியிலிருந்து இறக்கிய செயலிக்கு இந்த அனுமதி நேரே கிடைக்காது. அந்தச் செயலியின் தகவல் பக்கத்துக்குப் போய், மேலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, கட்டுப்பாட்டைத் தனியாகத் தளர்த்தவேண்டும். இத்தனையும் விரல் செய்யும் வேலை. நம்பர் என்பது விலாசம் மட்டுமே. விலாசம் தெரிந்தவரெல்லாம் வீட்டுக்குள் கட்டில் போட்டுப் படுக்க முடியாது. 'நம்பரை அடியுங்கள், எல்லாம் காட்டுகிறோம்' என்னும் தளங்கள் தேடுவதுபோல் திரையில் ஒரு பச்சை வரியை ஓடவிட்டு, கடைசியில் வங்கி அட்டை விபரம் கேட்கும். அங்கே மாட்டுவது உளவு பார்க்கப் போனவர்.

ஐபோனில் கதை வேறு. விற்பவர்கள் பெரும்பாலும் எதையும் ஏற்றுவதில்லை. அப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை வாங்கி, அப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட்டில் இருக்கும் பிரதியை வாசிக்கிறார்கள். இரண்டாம் சரிபார்ப்புக் குறியீடு போனுக்கு வருவதால் அதைப் பார்க்க ஒருமுறையாவது போன் கிட்ட இருக்கவேண்டும்.

இனி உள்ளூர் நடைமுறை. இங்கே ஒரு போன் உரியவரிடம் வந்து சேருமுன் எத்தனை கை மாறுகிறது? கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ 'எல்லாம் செற் பண்ணி' வந்த போன். திரை மாற்ற ரவுணில் கொடுத்து, லொக் திறக்கும் நம்பரையும் துண்டில் எழுதிக் கொடுத்த போன். கடையிலேயே ஜிமெயில் திறந்து, போன் நம்பரையே கடவுச்சொல்லாகப் போட்ட போன். 'தொடாமலே வந்தது' என்று சொல்லப்படுவதில் பல, இப்படி எப்போதோ தொட்டவை. வெளிநாட்டிலிருந்து வந்த போனையும் பழைய போனையும் முழுதாக அழித்து, புதுக் கணக்கோடு தொடங்குவதே முறை.

மூன்றாவது வழிக்கு வட்ஸ்அப் நல்ல உதாரணம். ஒருவர் உங்கள் நம்பரைத் தன் கணினியில் அடித்தால் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று அவருக்குக் கிடைக்கும். பரிசு விழுந்திருக்கிறது, போட்டிக்கு வாக்குப் போடவேண்டும் என்று ஏதாவது சொல்லி அதை உங்கள் போனில் அடிக்கவைத்துவிட்டால், உங்கள் உரையாடல்கள் அவர் திரையிலும் ஓடும். செயலி எதுவும் ஏறவில்லை. அமைப்புகளில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தில் தெரியாத பெயர் இருந்தால் அதைத் தொட்டு வெளியேற்றினால் போதும். கலியாண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பும், 'வங்கியில இருந்து கதைக்கிறம்' என்று தூரத்திலிருந்து போனைப் பார்த்து இயக்கவிடும் எனிடெஸ்க்கை ஏற்றச் சொல்வதும் இதே குடும்பம்.

உண்மையான வேவு மென்பொருளுக்குப் பெயர்பெற்றது இஸ்ரேலின் என்எஸ்ஓ குழுமம் செய்த பெகாசஸ். 2016இல் கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடமான சிற்றிசன் லாப் அதைக் கண்டுபிடித்தபோது, அனுப்பிய இணைப்பைத் தொட்டால்தான் ஏறும் நிலையில் இருந்தது. 2019இல் வட்ஸ்அப் அழைப்பு வந்தாலே போதும், எடுக்கவே வேண்டியதில்லை. ஏறத்தாழ 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். ஐபோனின் செய்திச் செயலியான ஐமெசேஜ் வழி நுழைந்த இன்னொரு ஓட்டையை 2021 செப்ரெம்பரில் ஐஓஎஸ் 14.8 புதுப்பிப்பு அடைத்தது. அரசுகளுக்கு மட்டுமே விற்பதாக அந்தக் குழுமம் சொல்கிறது. சந்தேகப்படும் மாப்பிள்ளைக்கு இது கிடைக்காது. செய்தியாளர், காணாமல் ஆக்கப்பட்டோருக்காகப் போராடுவோர் போன்றவர்கள் போனை உடனுக்குடன் புதுப்பிப்பதும், ஐபோனானால் 2022இல் வந்த, தாக்குதலுக்கு வழியாகும் வசதிகளை முடக்கும் லொக்டவுன் முறையை இயக்குவதும் பயன்தரும்.

விற்பவர்கள் சொல்லும் 'கண்காணிப்பு' என்ற பெயரை மட்டும் அப்படியே ஏற்கக்கூடாது. மலையகத்திலிருந்து வந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்களுக்குத் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த கங்காணியைத் தெரியும். அவர் கண்முன்னே நிற்பவர். பிள்ளையின் போனில் போடும் செயலியும், தான் இருப்பதை எந்நேரமும் அறிவிப்பாகக் காட்டவேண்டும் என்பது கூகுளின் விதி. ஒளிந்துகொள்கிற நிமிடமே அது கண்காணிப்பு அல்ல.

சந்தேகம் வந்தால் *#21# அடித்துப் பார்க்கச் சொல்லுவார்கள். அழைப்பு வேறு நம்பருக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே அது காட்டும். பற்றரிச் சூடும் சாட்சியல்ல. பார்க்கவேண்டியது அணுகல்தன்மைப் பட்டியல், சாதன நிர்வாகிப் பட்டியல், பிளே புரொடெக்ற் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பது. 'சிஸ்ரம் சேர்விஸ்' போன்ற சாதுப் பெயரில் ஒன்று நிற்கலாம். துறவி வேடத்து ஒற்றர் குறளிலேயே உண்டு. முதலில் நிர்வாகி அனுமதியை நீக்காவிட்டால் அழிக்க விடாது. ஏற்றியவர் வீட்டில் அடிக்கிற ஆளென்றால் உடனே அழிக்கவேண்டாம். செயலி நின்றது அவருக்குத் தெரிந்துவிடும், சாட்சியும் போய்விடும். வேறொருவரின் போனிலிருந்து 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்குக் கதைக்கலாம். அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரியது. கணவன் என்பது விலக்கல்ல.

எழுதும்போது 'உளவுச் செயலி' என்று ச் மிகும், 'வேவு மென்பொருள்' என்பதில் மிகாது. 'ஸ்ரோக்கர்வேர்' என்பதைப் 'பின்தொடர் மென்பொருள்' என்று பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. 'வீட்டு உளவு' என்றால் விளங்கும்.