நீலப்புகை எப்போது வருகிறது?

போன டுரியான் பருவத்தில் பினாங்கின் பாலிக் புலாவிலிருந்து ஒரு பெரியவர் தன் பழைய பஜேரோவை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். தொண்ணூறுகளில் வந்த 2.5 லிட்டர் டர்போ டீசல். மலைத்தோட்டத்திலிருந்து பழக்கூடைகளை இறக்குவதற்கென்றே வைத்திருக்கும் வண்டி. "தம்பி, ரிங் போயிடுச்சாம், இன்ஜினை இறக்கி ஓவர்ஹால் பண்ணணுமாம். ரெண்டு இடத்துல காட்டிட்டேன், ரெண்டு பேரும் அதையேதான் சொல்றாங்க" என்றார். அப்புறம் போகிற போக்கில், "எண்ணெய் பார்க்குற குச்சி வேற, நல்லா அழுத்தி விட்டாலும் மலை ஏறி வந்து பார்த்தா மேல எழும்பி நிக்குது" என்றும் சொன்னார்.

எனக்கு அந்தக் குச்சிதான் முக்கியமாகப் பட்டது.

"ஐயா, புகை எப்போ வருது? காலையில முடுக்கினதுமா, ஏறும்போதா, இறங்கும்போதா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். காலையில் இல்லை. ஏற ஆரம்பித்து 15, 20 நிமிடம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. வண்டி நன்றாகச் சூடேறிய பிறகுதான், அதுவும் பாரத்தோடு ஏறும்போது, பின்னால் நீலமாக வரும்.

பிஸ்டனைச் சுற்றி அழுத்தத்தையும் எண்ணெயையும் தடுத்துப் பிடிக்கும் வளையம்தான் ரிங். அது தேய்ந்த டீசல் இன்ஜின் இருபது நிமிடம் சும்மா இருக்காது. காலையில் முடுக்குவதே சிரமமாக இருக்கும், குளிர்ந்த இன்ஜினிலேயே புகை வரும், இழுவையும் குறையும். இவர் வண்டி ஒரே முடுக்கில் எழுந்தது.

எந்த இன்ஜினிலும், புதியதாகவே இருந்தாலும், ஒவ்வொரு வெடிப்பிலும் கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே எண்ணெய்த் தொட்டிப் பக்கம் கசியும். அது வெளியேற வால்வ் மூடியிலிருந்து காற்று உறிஞ்சும் குழாய்க்கு ஒரு பிரீதர் ஹோஸ் போகும். இன்ஜினின் மூச்சுக்குழாய் அது. அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எண்ணெய்க் குச்சி தானாக மேலே எழும்பும், சீல்கள் கசியும். புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு இது இன்னும் பொல்லாதது. டர்போவின் தண்டுக்கு மசகிட்ட எண்ணெய் தன் எடையாலேயே ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும், அதைத் தள்ளிவிட எதுவும் கிடையாது. கீழே அழுத்தம் நின்றால் எண்ணெய் இறங்காமல் தேங்கி, சீலைத் தாண்டிக் காற்றுக்குழாயிலும் புகைக்குழாயிலும் புகுந்துவிடும். அப்படிப் புகுந்த எண்ணெய்தான் எரிந்து நீலப்புகையாக வருகிறது.

பானெட்டைத் திறந்து பார்த்தபோது பிரீதர் ஹோஸ் புதியதாக, பார்க்க ஒழுங்காக இருந்தது. யாரோ கடையில் கிடைத்த சாதாரண ரப்பர் குழாயை வெட்டி மாட்டியிருந்தார்கள். வண்டியை மலைச்சாலையில் ஏற்றி இறக்கிவிட்டு, சூடு ஆறுவதற்குள் மறுபடி திறந்து அதைத் தொட்டுப் பார்த்தேன். வளைவில் வெந்த சேமியாவைப் போல இளகி, இரண்டு பக்கமும் ஒட்டிச் சப்பையாகிக் கிடந்தது. குளிர்ந்தால் பழையபடி உருண்டையாகிவிடும். பட்டறையில் குளிர்ந்த வண்டியைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது படாமல் போனதில் வியப்பில்லை. எண்ணெய்க்கும் சூட்டுக்கும் தாங்கும் சரியான ஹோஸ் மாட்டி, காற்றுக்குழாய்களில் தேங்கியிருந்த எண்ணெயைக் கழுவி எடுத்தோம். ஓவர்ஹாலுக்குக் கேட்ட தொகை பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). ஹோஸுக்கு ஆனது சில பத்து வெள்ளி.

எல்லா நீலப்புகையும் இப்படிச் சுலபமாக முடியும் என்று சொல்லவில்லை. ஆனால் நீலம் என்றதும் ரிங் என்று முடிவுகட்டுவது இங்கே பழக்கமாகிவிட்டது. அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. பழைய ஃபோர்வீல் வைத்திருப்பவர்களில் பலர் தோட்டக்காரர்கள், சிறு ஒப்பந்தக்காரர்கள். அந்தப் பணம் அவர்களுக்குப் பெரிய பணம்.

நிறத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. வெள்ளைப் புகை குளிரில் எரியாத டீசலாக இருக்கலாம். இனிப்பு வாசனையோடு ஓயாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. நீலம்தான் எண்ணெய், கருகிய வாடை மூக்கில் ஏறும். நிழலில் வெள்ளையும் நீலமும் ஒன்றுபோல் தெரியும். வெயிலில், பின்னால் இருட்டான சுவரோ மரமோ இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள்.

பெட்ரோல் வண்டியின் கதை வேறு. ஒரு பழைய சுசூகி வித்தாரா வந்தது. இரவு முழுக்க நின்று காலையில் முடுக்கினால் ஒரு கொத்து நீலப்புகை, பிறகு சுத்தம். ஆயர் ஈத்தாம் பக்கம் இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்து, கீழே மறுபடி மிதித்தால் இன்னொரு கொத்து. இது வால்வ் சீல். பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்தால் காற்று வாயில் மூடிக்கொள்ளும், உள்ளே உறிஞ்சல் பலமாகும். காய்ந்து இறுகிப்போன சீலைத் தாண்டி வால்வ் தண்டு வழியாக எண்ணெய் இறங்கும். பழைய டீசல்களில் அப்படிக் காற்றை மூடும் தகடு பெரும்பாலும் இல்லை. அதனால் இறக்கத்தில் வரும் புகையை வைத்து டீசலில் வால்வ் சீலைக் குற்றம் சொல்ல முடியாது.

வால்வ் சீல் மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை. பிளக் ஓட்டை வழியாக மெல்லிய நைலான் கயிற்றைச் சுருள் சுருளாக உள்ளே விட்டு, கையால் இன்ஜினைச் சுற்றி பிஸ்டனை மேலே கொண்டுவந்தால், கயிறு மெத்தைபோல அமுங்கி வால்வ்களைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிச் சீலை மாற்றலாம். கயிற்றின் ஒரு முனை மட்டும் எப்போதும் வெளியே இருக்க வேண்டும். அந்த வித்தாராவில் எடுத்த சீல்கள் விரலில் அழுத்தினால் பிஸ்கட்போல உடைந்தன.

எளிய காரணங்களும் உண்டு. கறுப்பு எண்ணெய், அதாவது இன்ஜின் எண்ணெய், அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருக்கலாம். சரிவில் நிறுத்திக் குச்சியைப் பார்த்து, குறைவு என்று நினைத்து ஊற்றிவிடுகிறார்கள். கேமரன் மலையிலிருந்து வரும் பழைய லேண்ட் ரோவர்களில் எண்ணெய்க் கிண்ணத்தோடு கூடிய ஏர் ஃபில்டர் இருக்கும். அந்தக் கிண்ணத்தில் கோட்டுக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அதையே உறிஞ்சி நீலமாகப் புகைக்கும்.

டர்போவில் சந்தேகம் என்றால் காற்றுக்குழாயைக் கழற்றித் தண்டை விரலால் ஆட்டிப் பார்க்கலாம். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும். உள்ளே வெளியே நகர்ந்தாலோ, இறக்கை சுவரில் உரசியிருந்தாலோ டர்போ தேய்ந்துவிட்டது. குழாயில் எண்ணெய் லேசாகப் பூசியிருப்பது மட்டும் குற்றமல்ல, பிரீதரிலிருந்து வருவது அது. புது டர்போ போட்டும் புகை நிற்கவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது எண்ணெய் திரும்பும் குழாயை. உள்ளே கரி பிடித்து அடைத்திருந்தால் எந்த டர்போ போட்டாலும் புகைக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்து புகை தொடர்ந்தால்தான் ரிங் பக்கம் போக வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தை மீட்டரில் அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். பெட்ரோலில் அளவு குறைவாக வந்தால், ஒரு தேக்கரண்டி எண்ணெயை சிலிண்டரில் விட்டு மறுபடி பார்க்கலாம். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ். டீசலில் இதை நான் செய்வதில்லை. எரியும் அறை மிகச் சிறியது, ஊற்றிய எண்ணெயே இடத்தை அடைத்து அளவை ஏற்றிக் காட்டிவிடும். காற்றை உள்ளே ஏற்றி எங்கே கசிகிறது என்று காது வைத்துக் கேட்பது மேல். எண்ணெய் ஊற்றும் வாயில் சீறல் கேட்டால் ரிங், புகைக்குழாயில் கேட்டால் வெளியேற்றும் வால்வ்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் எண்ணெய் குடிக்கும் இன்ஜின்களும் உண்டு. பிஸ்டனில் மேல் ரிங்குகள்தான் அழுத்தத்தைப் பிடிப்பவை. கீழே இருக்கும் எண்ணெய் வழிக்கும் ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொண்டால், மீட்டர் நல்ல அளவையே காட்டும், எண்ணெய் மட்டும் குறைந்துகொண்டே போகும். நெடுநாள் எண்ணெய் மாற்றாத வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

எவ்வளவு குடிக்கிறது என்பதை நீங்களே அளக்கலாம். சமதரையில், இரவு நின்ற வண்டியில், காலையில் குச்சியைப் பாருங்கள். மீட்டரில் கிலோமீட்டரை எழுதி வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் குச்சியின் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய 1 லிட்டர். 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்ற கணக்கோடு வந்தால் எந்தப் பட்டறை போர்மேனும் உங்களிடம் மேலோட்டமாகப் பேச முடியாது. வண்டிக்கு அடியில் ஒரு அட்டையும் விரித்து வையுங்கள். குறையும் எண்ணெய் எரிகிறதா, ஒழுகுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

டீசல் டர்போ வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. புகை திடீரென்று அதிகமாகி, காலை எடுத்தும் இன்ஜின் வேகம் தானாக ஏறினால், அது தன் எண்ணெயையே எரிபொருளாகக் குடிக்கிறது. சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்துங்கள். ஆட்டோ என்றால் காற்று உறிஞ்சும் வாயைத் தட்டையான பலகையால் மூடி நிறுத்தலாம். கையையோ துணியையோ அங்கே கொண்டுபோகாதீர்கள், உள்ளே இழுத்துவிடும். சத்தம் கட்டுமீறிவிட்டால் பானெட்டையே தொடாமல் எல்லோரும் தள்ளி நில்லுங்கள்.

ரிங்தான் என்று உறுதியாகிவிட்டால், ஓவர்ஹாலா, ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்கட் இன்ஜினா (பாதியாக வெட்டிய பழைய வண்டியோடு வரும் இன்ஜின்) என்ற கேள்வி வரும். வண்டியை இன்னும் பல வருடம் வைத்திருப்பவருக்கு நான் ஓவர்ஹாலையே சொல்வேன். ஹாஃப்கட்டின் ரிங் எப்படி இருக்கிறது என்பது மாட்டி ஓட்டிய பிறகுதான் தெரியும். அதையே எடுப்பதென்றால், வாங்கும் இடத்திலேயே கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இன்ஜின் எண் மாறினால் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பதிவையும் மாற்ற வேண்டும். அந்த ரசீது அங்கே தேவைப்படும்.