ஸ்டீரியோடைப்: ஈயத்தில் வார்த்த எண்ணம்

ஒரு கூட்டத்தார் எல்லோரும் இப்படித்தான் என்று முன்கூட்டியே இறுகிப்போன எண்ணத்தை ஸ்டீரியோடைப் என்கிறோம். அது அச்சுக்கூடத்தில் பிறந்த சொல். கிரேக்கத்தில் 'ஸ்டெரியோஸ்' என்றால் கெட்டியானது, 'டைப்போஸ்' என்றால் பதிந்த தடம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு அச்சகர் ஃபிர்மேன் திதோ புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் இது. கோத்து வைத்த எழுத்துகளை அச்செடுத்து, அதில் ஈயக் கலவையை உருக்கி ஊற்றினால் ஒரு பக்கம் முழுவதும் ஒரே தகடாகிவிடும். ஆயிரக்கணக்கில் பிரதி எடுக்கலாம். ஆனால் தகட்டில் பிழை இருந்தால், ஓர் எழுத்தை மட்டும் உருவி மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. பிரதிக்குப் பிரதி அதுவும் அச்சாகும்.

இதைத்தான் 1922-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் மனத்துக்குப் பொருத்தினார். ஆளைப் பார்க்கும் முன்பே மண்டைக்குள் படம் தயாராக இருக்கிறது என்றார்.

மனம் ஏன் தகடு வார்க்கிறது? புதரில் சலசலப்பு கேட்டால் பாம்பா காற்றா என்று ஆராயாமல் விலகி ஓடியவர்கள் பிழைத்தார்கள். சட்டென்று வகைபிரிக்கும் அந்தப் பழக்கம் நமக்கும் வந்திருக்கிறது என்பது பரிணாம உளவியலாளர்களின் விளக்கம். அதோடு முடியவில்லை. நாசிகளின் யூத அழிப்பில் குடும்பத்தை இழந்த உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல், 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை இரண்டாகப் பிரித்தார். 'உனக்கு இந்த ஓவியர் பிடிக்கும், அவனுக்கு அந்த ஓவியர்' என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். உண்மையில் குலுக்கல் மாதிரிதான். பிறகு மற்றவர்களுக்குக் காசைப் பிரித்து ஒதுக்கச் சொன்னார். தான் ஒதுக்குவதில் தனக்கு ஒரு காசு கிடைக்காது என்று தெரிந்தும், பையன்கள் தன் குழுவுக்கே அதிகம் ஒதுக்கினார்கள். பாரபட்சத்துக்குப் பழைய வரலாறுகூடத் தேவைப்படவில்லை. எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வார்ப்புரு' என்பதை டெம்ப்ளேட்டுக்கு எடுத்துக்கொண்டோம். 'ஒரே மாதிரியாக்கல்' பொருளைச் சொல்கிறது, ஆனால் வாயில் நிற்கவில்லை. நான் 'வார்ப்பெண்ணம்' என்று எழுதுகிறேன். உருக்கி ஊற்றி இறுகிப்போனது என்பது அதில் தெரிகிறது. 'தப்பெண்ணம்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலும் இயல்பாக உட்கார்கிறது.

வார்ப்பெண்ணமும் தப்பெண்ணமும் ஒன்றல்ல. தென்னாட்டார் எல்லோரையும் 'மதராசி' என்று வடக்கே அழைத்தபோது நமக்கு வலித்தது. இன்று ஒடிசாக்காரரையும் அசாமியரையும் நாம் 'வடக்கன்' என்கிறோம். ஒடிசா கிழக்கில் இருக்கிறது. 'வடக்கன்னா இப்படித்தான்' என்பது வார்ப்பெண்ணம். அவர் பக்கத்தில் வந்து நின்றதும் எழும் அருவருப்பு தப்பெண்ணம். வாசலில் 'டு-லெட்' பலகை தொங்கிக்கொண்டிருக்கும்போதே 'வீடு போயிடுச்சுப்பா' என்று சொல்லி அனுப்புவது பாகுபாடு.