ஒரே மரபணு, இரண்டு கால்கள்

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 23 பேரை வைத்து ஒரு வினோதமான சோதனை நடந்தது. ஆணும் பெண்ணுமாக எல்லாரும் இளவயதினர். மூன்று மாதம், வாரத்துக்கு நான்கு முறை, முறைக்கு முக்கால் மணி நேரம் உடற்பயிற்சி. ஆனால் ஒரு காலுக்கு மட்டும். இன்னொரு கால் சும்மா இருக்க வேண்டும். தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் தொடையிலிருந்து துளித் தசையை எடுத்து ஆராய்ந்தார்கள். 2014-இல் முடிவு வெளிவந்தது.

ஏன் ஒரு கால்? உடற்பயிற்சி செய்பவரையும் செய்யாதவரையும் ஒப்பிட்டால் ஆயிரம் குறுக்குக் கேள்விகள் வரும். அவர் காய்கறி அதிகம் சாப்பிடுகிறாரோ, நேரத்துக்குத் தூங்குகிறாரோ, அப்பா அம்மாவிடமிருந்து வந்த உடல்வாகோ என்று முடிவே இருக்காது. ஒரே ஆளின் இரண்டு கால்களுக்கு அந்தத் தகராறு இல்லை. அதே பெற்றோர், அதே சாப்பாடு, அதே தூக்கம், அதே கவலை. அப்படியிருந்தும் பயிற்சி பெற்ற காலின் தசையில் டிஎன்ஏ மீதிருந்த ரசாயனக் குறிகள் சுமார் 5,000 இடங்களில் மாறியிருந்தன. தசையின் கட்டமைப்பு, சர்க்கரையைப் பயன்படுத்துவது, அழற்சி (கிருமிக்கும் காயத்துக்கும் உடம்பு காட்டும் எதிர்வினை) ஆகியவற்றோடு தொடர்புள்ள மரபணுக்கள் அவற்றுக்கு அருகே நிறைய இருந்தன.

டிஎன்ஏவின் எழுத்துகள் எதுவும் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியது எந்தப் பகுதி வாசிக்கப்படுகிறது என்பது மட்டும்தான். ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கமாகச் சுற்றிய இடத்தை வாசிக்க முடியாது, தளர்ந்த இடத்தை வாசிக்கலாம். இது போக, டிஎன்ஏவின் மேலேயே மீத்தைல் என்ற சிறு ரசாயனக் குழு ஒட்டும். ஒரு மரபணுவின் தொடக்கத்தில் அது நெருக்கமாக ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அந்த மரபணு அடங்கிக் கிடக்கும். கல்லீரல் செல்லும் தோல் செல்லும் ஒரே டிஎன்ஏவை வைத்துக்கொண்டு வேறு வேறு வேலை செய்வது இந்த ஏற்பாட்டால்தான்.

சரி, நாம் சாப்பிட்டதும் புகைத்ததும் செல்லின் உட்கருவுக்கு எப்படித் தெரிகிறது? நடுவில் தூது போகிறவர்கள் உண்டு. அழற்சியைப் பொறுத்தவரை அதில் முக்கியமான ஒருவரைத் தெரிந்துகொண்டால் மீதிக் கதை பாதி புரிந்துவிடும்.

அதன் பெயர் என்எஃப்-கப்பா-பி. 1986-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் டேவிட் பால்டிமோரும் ரஞ்சன் சென்னும் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது அவர்கள் தேடியது வேறு விஷயம்: எதிர்ப்புரதம் உருவாக்கும் பி செல்களில் ஒரு குறிப்பிட்ட மரபணு எப்படி முடுக்கப்படுகிறது என்பது. கிடைத்த புரதமோ உடம்பின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருந்தது. சாதாரண நேரத்தில் அது உட்கருவுக்கு வெளியே, ஐ-கப்பா-பி என்ற இன்னொரு புரதத்தின் பிடியில் கட்டுண்டு கிடக்கும். கிருமி வந்தாலோ, காயம் பட்டாலோ, செல்லின் மேற்பரப்பில் உள்ள உணரிகள் சைகை கொடுக்கும். உடனே பிடித்துவைத்திருக்கும் புரதம் குறிக்கப்பட்டு, சில நிமிடங்களில் சிதைக்கப்படுகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் நுழைந்து, தனக்கான பத்தெழுத்துத் தொடர் இருக்கும் இடங்களில் போய் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான மரபணுக்களை வாசிக்க வைக்கிறது. டிஎன்எஃப், இன்டர்லூகின்-6 போன்ற அழற்சித் தூதுகள் இப்படித்தான் உற்பத்தியாகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். அது முடுக்கிவிடும் மரபணுக்களில் ஒன்று, அதையே பிடித்துக் கட்டும் ஐ-கப்பா-பி புரதத்துக்கான மரபணு. அதாவது தொடங்கும்போதே நிறுத்தத்துக்கும் ஏற்பாடு செய்துவிடுகிறது. தூண்டுதல் தொடர்ந்தால் மறுபடி விடுபடும், மறுபடி கட்டப்படும். செல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள், சுமார் 100 நிமிடத்துக்கு ஒரு தடவை அது உட்கருவுக்குள் போய்த் திரும்புவதைக் கண்டிருக்கிறார்கள். தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும் மோட்டார் மாதிரி. மோட்டாரில் கோளாறே இல்லாமல் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தாலும் அது திரும்பத் திரும்ப ஓடத்தான் செய்யும். நாள்பட்ட அழற்சியில் பெரும்பாலும் நடப்பது இதுதான். காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, வலிகூட இல்லை. தூண்டுதல் மட்டும் ஓயவில்லை.

அந்தச் சொட்டு எங்கே? பலருக்கு வயிற்றில். கொழுப்புச் செல் என்பது சும்மா எண்ணெய் சேமிக்கும் பை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1993-இல் ஹார்வர்டில் கோகான் ஹோத்தாமிஸ்லிகில், புரூஸ் ஸ்பீகல்மேன் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப் சுரக்கிறது என்று காட்டினார்கள். அதைத் தடுத்தபோது எலிகளுக்கு இன்சுலின் மறுபடி நன்றாக வேலை செய்தது. பத்து ஆண்டு கழித்து இன்னொரு துண்டு கிடைத்தது. கொழுப்புச் செல் அளவுக்கு மேல் பெருத்தால் அதற்கு ஆக்சிஜன் எட்டாது, சில செல்கள் செத்துப்போகும். செத்ததை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கிச் செல்கள் வந்து சூழ்ந்துகொள்ளும். ஒல்லியானவர்களின் கொழுப்புத் திசுவில் பத்துச் சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும் இவை, உடல்பருமன் உள்ளவர்களில் 40 சதவீதத்தை நெருங்கலாம். வந்தவை சும்மா இருப்பதில்லை, டிஎன்எஃப் சுரக்கின்றன. அந்த டிஎன்எஃப், செல்லுக்குள் இன்சுலினின் செய்தியைக் கடத்தும் புரதத்தைத் தப்பான இடத்தில் குறியிட்டு முடக்குகிறது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்குகிறது. அழற்சிக்கும் நீரிழிவுக்கும் நடுவே உள்ள பாலம் இது.

“நான் ஒல்லிதானே” என்று நம்மில் பலர் தப்பித்துக்கொள்ள முடியாது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் லண்டனின் ஜான் யுட்கின், மற்றவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், ஒன்றேதான், 22.3. உடல் கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இது கருவிலேயே தொடங்குகிறது என்பது யாஜ்னிக்கின் வாதம். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் அவ்வளவு வித்தியாசம் இருந்தும், முதுகுத் தோலடிக் கொழுப்பில் இரு தரப்புக் குழந்தைகளும் கிட்டத்தட்ட சமம். குறைந்தது தசையும் உள்ளுறுப்புகளும்தான். இந்தியர்களுக்கு பிஎம்ஐ 25 இல்லை, 23-லேயே அதிக எடை என்று மருத்துவர்கள் கணக்கிடுவதற்கும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதற்கும் காரணம் இப்படிப்பட்ட ஆய்வுகளே.

அப்படியானால் தூண்டுதலை நிறுத்திவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா? ஓரளவு ஆகும். முழுதாக ஆவதில்லை. ஜெர்மனியின் பான் நகரக் குழு 2018-இல் வெளியிட்ட எலிச் சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. தமனித் தடிப்பு எளிதில் வரும்படியான எலிகளுக்கு நான்கு வாரம் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனி கொடுத்தார்கள். ரத்தத்தில் அழற்சி ஏறியது. அப்புறம் நான்கு வாரம் பழைய தீனி. ரத்தத்தில் அழற்சி அடங்கிவிட்டது. ஆனால் அந்த எலிகளின் நோயெதிர்ப்புச் செல்கள், சிறு தூண்டுதலுக்கும் அளவுக்கு மீறிப் பொங்கின. ரத்தத்தில் அந்தச் செல்கள் சில நாள்களுக்கு மேல் வாழ்வதில்லையே, எப்படி நினைவு தங்கியது? எலும்பு மஜ்ஜையில் அவற்றைப் பெற்றெடுக்கும் தாய்ச் செல்களில், எந்த டிஎன்ஏ பகுதி திறந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடே மாறிவிட்டிருந்தது. புதிதாகப் பிறக்கும் செல் முன்கோபத்தோடே பிறக்கிறது.

மனிதரில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் சான்று சிகரெட்டிலிருந்து வருகிறது. ஏறக்குறைய 16,000 பேரின் ரத்தத்தை அலசி 2016-இல் வந்த ஆய்வில், புகைப்பவர்களுக்கும் புகைக்காதவர்களுக்கும் மீத்தைல் குறிகள் 7,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் வேறுபட்டன. புகைப்பதை விட்டவர்களுக்குப் பெரும்பாலான குறிகள் ஐந்து ஆண்டுக்குள் பழைய நிலைக்குத் திரும்பின. 19 மரபணுக்களில் மட்டும் 30 ஆண்டு கழித்தும் மாற்றம் தெரிந்தது. 2024-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் 1,000 பேரிடம் நடத்திய ஆய்வு இன்னும் நுணுக்கமாகச் சொன்னது. உடம்பின் முதல்வரிசை எதிர்ப்பில் புகை ஏற்படுத்திய மிகை அழற்சி, விட்டதும் சீக்கிரம் தணிகிறது. கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் டி செல்களின் மாற்றமோ பல ஆண்டுகள் நீடிக்கிறது.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. லாஸ் ஏஞ்சலஸில் 2006-இல் ஆரோக்கியமான 30 பேரை ஒரே ஓர் இரவு, 11 மணியிலிருந்து அதிகாலை 3 வரை விழித்திருக்க வைத்தார்கள். மறுநாள் காலை அவர்களின் வெள்ளணுக்களில் இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் மரபணுக்கள் கூடுதலாக வாசிக்கப்பட்டிருந்தன. தனிமை அழற்சி மரபணுக்களை ஏற்றுகிறது என்று 2007-இல் பரபரப்பாகப் பேசப்பட்டதே, அந்த முதல் ஆய்வில் இருந்தவர்கள் 14 பேர்தான். பின்னர் பெரிய குழுக்களிலும் இதே போக்கு தென்பட்டது என்றாலும், இதை நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன்.

உடற்பயிற்சியில் ஒரு முரண் இருக்கிறது. கடுமையாக ஓடும்போது ரத்தத்தில் இன்டர்லூகின்-6 நூறு மடங்குகூட ஏறலாம். அழற்சித் தூது என்று மேலே சொன்ன அதே பொருள்! கோபன்ஹேகனில் பென்டே பீடர்சன் குழு கண்டது என்னவென்றால், சுருங்கும் தசையிலிருந்து, டிஎன்எஃப் துணையில்லாமல் அது வரும்போது, அழற்சியை அடக்கும் இன்டர்லூகின்-10 போன்றவற்றை ஏற்றிவிடுகிறது. ஆகவே ஒரு மூலக்கூறை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்துவதில் அர்த்தமில்லை. யார் அனுப்பினார், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

“உங்கள் மரபணுவை ரீசெட் செய்யும்” பொடிகளும் கேப்ஸ்யூல்களும் இப்போது யூடியூப் விளம்பரத்தில் நிறைய வருகின்றன. குறிகள் மாறுவது உண்மை. மாறிய குறிதான் நோய்க்குக் காரணம் என்பது வேறு செய்தி, அதைத் தனியே நிரூபிக்க வேண்டும். லண்டன்வாழ் இந்திய வம்சாவளியினரும் இடம்பெற்ற ஒரு பெரிய ஆய்வு 2017-இல் இதைச் சோதித்தது. பிஎம்ஐயோடு தொடர்புள்ள 187 இடங்களில் பெரும்பாலானவை பருமனின் விளைவுகள், காரணங்கள் அல்ல என்பதே அதன் முடிவு. ரத்தத்தில் வெள்ளணு வகைகளின் விகிதம் மாறினாலும் குறிகள் மாறியதுபோல் தெரியும். விளம்பரம் இதையெல்லாம் சொல்லாது.

ஆனால் அழற்சி வெறும் சாட்சி இல்லை, குற்றத்தில் பங்காளி என்பது ஓரளவு நிரூபணமாகிவிட்டது. மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் கானகினுமாப் என்ற ஊசியைச் சோதித்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள். அது கொலஸ்ட்ராலைத் தொடுவதே இல்லை, ஓர் அழற்சித் தூதை மட்டும் தடுக்கிறது. 150 மில்லிகிராம் அளவில் அடுத்த இதய பாதிப்புகள் 15 சதவீதம் குறைந்தன. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் அதிகரித்தன. அழற்சியை அடக்குவது இலவசமில்லை. அடுத்து வந்த கோல்கிசின், செங்காந்தள் எனும் கண்வலிக்கிழங்குச் செடியின் விதையிலும் இருக்கும் பழைய மூட்டுவலி மருந்து. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் அந்த விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். நாளுக்கு அரை மில்லிகிராம் கொடுத்தபோது நீண்டகால இதய நோயாளிகளுக்குப் பலன் தெரிந்தது, மாரடைப்பு வந்த கையோடு கொடுத்த 2024-ஆம் ஆண்டுப் பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. கிழங்கையோ விதையையோ நேரடியாகச் சாப்பிட்டால் ஆளையே கொல்லும் என்பது அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம் அழற்சி அளவை அறிய இப்போதைக்குக் கைவசம் இருப்பது 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட சிஆர்பிதான். இன்டர்லூகின்-6 கேட்டுக்கொண்டால் கல்லீரல் தயாரிக்கும் புரதம் அது. முழு உடல் பரிசோதனை என்று விற்கும் பேக்கேஜ்களில் ஹெச்எஸ்-சிஆர்பி என்று ஒரு வரி இருக்கும், சிஆர்பியை நுண்ணிய அளவிலும் அளக்கும் சோதனை அது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதய ஆபத்து குறைவு, 3-க்கு மேல் என்றால் அதிகம். போன வாரம் சளி பிடித்திருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. இரண்டு வாரம் விட்டு இன்னொரு தடவை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். 10-ஐத் தாண்டினால் இடுப்புச் சுற்றளவைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், உடம்பில் எங்காவது தொற்றோ வேறு அழற்சி நோயோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்பதுதான் முதல் வேலை.