ஒரே ஒரு ‘நம்’மை எத்தனை கட்டைக்கு இழுப்பது?

மிக்ஸிங்குக்கு வரும் டிராக்குகளில் அடிக்கடி கேட்கிற கோளாறு இது. பாட்டு ஐந்தரை கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு; ஒரு கட்டை என்றால் கீபோர்டின் ‘சி’). மிருதங்கமோ ஒரு கட்டையில் பதிந்த ஒரு ‘நம்’, ஒரு ‘தீம்’ (இரண்டும் மிருதங்க அடிகளின் பெயர்). அவற்றை, பதிந்த ஒலியைக் கீபோர்டில் வாசிக்க வைக்கும் சாம்பிளரில் போட்டு, கீபோர்டில் எட்டு கீ மேலே தள்ளி வாசித்து அனுப்பியிருப்பார்கள். சுருதி சுத்தமாகச் சேர்ந்திருக்கும். மிருதங்கம்தான் காணாமல் போயிருக்கும்.

கீயை அழுத்தினால் மிடி (இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) கீபோர்டிலிருந்து ஒலி எதுவும் போவதில்லை. எந்த கீ, எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்று இரண்டு எண்கள் போகும். இரண்டுமே 0 முதல் 127-க்குள். 1983-ல் வந்த ஏற்பாடு, இன்றும் ஓடுகிறது. சாம்பிளர் அந்த கீ எண்ணைப் பார்த்து உங்கள் கிளிப்பை வேகமாகவோ மெதுவாகவோ ஓட்டுகிறது, அவ்வளவுதான். ஒரு செமிடோன் (அதாவது அடுத்த கீ) ஏற வேகம் சுமார் 1.06 மடங்கு. பன்னிரண்டு ஏறினால் சரியாக இரண்டு மடங்கு. ஒரு கட்டையிலிருந்து ஐந்தரைக்கு எட்டு செமிடோன், அதாவது 1.587 மடங்கு. ஒரு விநாடி நின்ற கார்வை 0.63 விநாடியில் முடிந்துவிடும்.

நீளம் குறைவதைக்கூடச் சமாளிக்கலாம். பலா மரத்தில் கடைந்த கூட்டுக்கும் அதற்குள் அடைபட்ட காற்றுக்கும் சொந்தமான அதிர்வுகளும் சேர்ந்து ஏறுவதுதான் பிரச்சினை. கடைகளில் கிடைக்கும் மிருதங்கங்களில் தக்கு (தாழ்ந்த) ஸ்ருதிக்கு 24 அங்குலம், ஹெச்சு (உயர்ந்த) ஸ்ருதிக்கு 22 அங்குலம் என்பது வழக்கமான அளவு. சுருதி அவ்வளவு ஏறினாலும் வாத்தியத்தின் நீளம் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. நம் சாம்பிளர் என்ன செய்கிறது? 24-ஐ 1.587-ஆல் வகுத்துப் பாருங்கள்: 15 அங்குலம். திருவிழாக் கடையில் குழந்தைக்கு வாங்கித் தரும் பொம்மை மிருதங்கம் போலக் கேட்பதில் ஆச்சரியமில்லை.

குரலில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். வளர்ந்த ஆணின் குரல்வளை முதல் உதடு வரை ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். மேல் ஸ்தாயியில் பாடும்போது அந்தக் குழாய் பாதியாகச் சுருங்குவதில்லை. கிளிப்பை வேகமாக ஓட்டினால் சுருங்கியது போலக் கேட்கும். ‘ஆ’ என்ற உயிரெழுத்தின் நிறமே மாறிவிடும். அதில் கமகம் இருந்தால் போச்சு: ஏழு செமிடோன் ஏற்றினால் அசைவு ஒன்றரை மடங்கு வேகத்தில் துடிக்கும். தம்புராவும் அப்படித்தான், மீட்டும் காலப்பிரமாணம் கீக்குக் கீ மாறும். நீளம் மாறாமல் பிட்சை (சுருதி உயரத்தை) மட்டும் மாற்றும் வசதி எல்லா மென்பொருளிலும் உண்டே என்பீர்கள். குரலுக்கு ஓரளவு கைகொடுக்கும். தோல் வாத்தியத்துக்கு அதைப் போட்டால் விரல் விழும் முதல் கணம் குழைந்துவிடும். தோல் வாத்தியத்துக்கு உயிரே அந்தக் கணம்தான்.

கீழே இறக்குவதிலும் ஒரு வலை இருக்கிறது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வீதத்தில் பதிந்த கிளிப்பில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது. ஒரு ஸ்தாயி (பன்னிரண்டு செமிடோன்) இறக்கினால் 11,025-க்கு மேல் வெறுமை, ஒலி மங்கலாகும். இறக்கப்போகிறோம் என்று தெரிந்தால் 96,000-ல் பதியுங்கள், உங்கள் மைக் அந்த உயரத்தைப் பிடிக்குமென்றால். உடுக்கையை வேண்டுமென்றே இரண்டு ஸ்தாயி இறக்கிப் பேய்ப் படத்துக்கு உறுமவிடுவது வேறு கணக்கு. அங்கே கெடுவதுதான் அழகு.

மெலட்ரான் என்ற கருவி 1963-ல் இங்கிலாந்தில் வந்தபோது ஒவ்வொரு கீக்கும் தனித் தனி டேப் துண்டு வைத்தார்கள். நமக்கு அவ்வளவு சிரமம் வேண்டாம். ஒன்று, இரண்டரை, நாலரை, ஆறு என்று நான்கு கட்டைகளில் பதிந்தால் போதும். ஒன்றுக்கொன்று மூன்று செமிடோன் இடைவெளி. எந்தக் கிளிப்பும் ஒரு செமிடோனுக்கு மேல் நகர வேண்டியிருக்காது. ஒரே மிருதங்கத்தை இவ்வளவு தூரம் ஏற்றி இறக்க முடியாது. வித்வானிடம் வெவ்வேறு சுருதிக்கு வாத்தியங்கள் இருக்கும், கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லையும் (‘நம்’, ‘தீம்’ போன்ற அடியையும்) மென்மையாக, நடுத்தரமாக, அழுத்தமாக வாசிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு எடுத்து வையுங்கள். ஒரே அடி திரும்பத் திரும்ப வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

ரூட் நோட் (கிளிப் பதிந்த சுருதிக்குரிய கீ) வைப்பதில் எண்ணை நம்புங்கள், எழுத்தை அல்ல. மிடியில் 60 என்ற கீயை ஏபிள்டன் லைவ் மென்பொருள் ‘சி3’ என்கிறது, எஃப்எல் ஸ்டூடியோ ‘சி5’ என்கிறது. நண்பர் அனுப்பிய ஃபைல் இரண்டு ஸ்தாயி தள்ளிக் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள். சுருதி சில சென்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகியிருந்தால், பதிந்த அன்றே டியூனரில் பார்த்து ஒவ்வொரு கிளிப்புக்கும் தனியாகத் திருத்திவிடுவது நல்லது.

சினிமாப் பாட்டிலிருந்து துண்டு வெட்டி, பிட்ச் மாற்றினால் உரிமைச் சிக்கல் வராது என்று சிலர் நம்புகிறார்கள். வரும். ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, இசையமைப்புக்கு இன்னொரு உரிமை. பிட்சை மாற்றுவதால் இரண்டுமே போய்விடாது. நீங்களே பதிவு செய்தாலும், வாசிக்க வருபவரிடம் இது ஒரு பாட்டுக்கா, சாம்பிளாக வைத்துப் பல பாட்டுக்கா என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ற தொகையைப் பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.