வாய்க்காரன் என்று ஒரு கோல்காப்பாளரை வெட்டினார்கள்

போன மாதம் ஒரு வயதுப்பிரிவு உதைபந்தாட்ட அணிக்குத் தெரிவு நடந்தது. எந்த அணி, யார் நடத்தியது என்று எழுதப்போவதில்லை. 25 பெடியன்களை 20 ஆகக் குறைக்க வேண்டும். ஆலோசனைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேரும்போதே பட்டியலில் ஒரு கோல்காப்பாளரின் பெயருக்கு மேல் கோடு போட்டிருந்தது. காரணம் கேட்டேன்.

"ஆள் நல்லா பிடிப்பான் சேர். ஆனா குணம் சரியில்ல. வாய் கூட. பெரிய ஆக்கள்ட மகன்மாரையும் பேர் சொல்லிக் கத்துறான்."

இதே காரணத்தைச் சொல்லி ஒரு பெடியனை நீக்குவதை இந்த வருடத்தில் மட்டும் மூன்றாவது தடவையாகப் பார்க்கிறேன். இதற்கு மேல் பேசாமல் இருக்க முடியவில்லை.

கத்தாத கோல்காப்பாளர் எங்களுக்கு எதற்கு? முழு மைதானமும் தன் முகத்துக்கு நேரே தெரியும்படி நிற்கிறவன் அவன் ஒருவன்தான். பின்வரிசை நாலு பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவர்களின் முதுகுக்குப் பின்னால் ஓடுகிற எதிரணிக்காரன் அவன் கண்ணுக்குத்தான் படுவான். "இடப்பக்கம் ஆள்", "ஏறு, ஏறு", "விடு, என்ட பந்து" என்பதையெல்லாம் அண்ணா போட்டு, தயவுசெய்து சேர்த்துச் சொல்ல ஆட்டத்தில் நேரம் கிடையாது. அதிலும் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் திருகோணமலையில் தொண்டை கிழியக் கத்தினால்தான் எதிர்ப்பக்கத்து பெக்குக்கு, அதாவது பின்வரிசைக்காரனுக்கு, கேட்கும்.

அவன் என்னதான் கத்துகிறான் என்று இரண்டு நாள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒரு தூஷணம் இல்லை. யாரையும் மட்டம் தட்டவில்லை. எல்லாமே தகவல்: ஆள் எங்கே, பந்தை யார் எடுக்க வேண்டும், பின்வரிசை எவ்வளவு முன்னால் ஏற வேண்டும். இரண்டாம் நாள் ஒரு பெக் பந்தைத் தடுமாற விட்டு கோல் விழுந்தது. இவன் வலைக்குள் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு நேரே அந்தப் பெக்கிடம் போனான். தலையில் ஒரு தட்டு, காதில் இரண்டு சொல், பிறகு பந்தை நடுக்கோட்டுக்கு எறிந்தான். அடுத்த பத்து நிமிடமும் அந்தப் பெக் பயமில்லாமல் ஆடினான்.

பட்டியலில் கேள்வியே இல்லாமல் நின்ற ஒரு முன்வரிசை வீரனையும் அதே இரண்டு நாளும் பார்த்தேன். வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொல்வான், கை கட்டி நிற்பான். பந்தைப் பறிகொடுத்தால் இடுப்பில் கை வைத்து நிற்பான். ஒரு தடவைகூடத் திரும்பி ஓடவில்லை. பாஸ் கொஞ்சம் பிந்தி வந்தால் இரண்டு கையையும் விரித்து, பார்க்கிற எல்லோருக்கும் பிழை யாருடையது என்று காட்டுவான். இவனுக்குத்தான் அங்கே "நல்ல குணம்" என்று பெயர்.

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பெரியவர்களிடம் பணிவாக நிற்பது நல்ல வளர்ப்பு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆட்டத்துக்கு வேண்டிய குணம் வேறு. பந்தைப் பறிகொடுத்த அடுத்த ஐந்து விநாடியில் ஒருவன் என்ன செய்கிறான்? தன்னை வெளியே எடுத்ததும் தண்ணீர்ப் போத்தலை உதைக்கிறானா, உள்ளே போகிறவனுக்குக் கை கொடுக்கிறானா? தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் புதிதாக வந்தால் அவனுக்குப் பந்து கொடுக்கிறானா? மூன்று கோல் பின்னால் நிற்கும்போதும் ஓடுகிறானா? பயிற்சி முடிந்து கோன்களையும் பிப்களையும் (பயிற்சி மேற்சட்டைகளை) பொறுக்கும்போது எங்கே நிற்கிறான்? இவை எல்லாமே கண்ணால் காணக்கூடியவை, கொப்பியில் எழுதக்கூடியவை. கதிரையில் இருக்கிறவர்களுக்கு எழுந்து வணக்கம் சொன்னானா என்ற கேள்விக்கு இந்தக் கொப்பியில் இடமே இல்லை.

"குணம் கிணம் ஒண்டும் வேண்டாம், திறமையான பதினொரு பேரை இறக்குங்க" என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2010 உலகக்கிண்ணத்துக்குப் போன பிரான்ஸ் அணியை ஞாபகப்படுத்துகிறேன். ஹென்றி, ரிபெரி, அனெல்கா, எவ்ரா எல்லோரும் இருந்த அணி அது. மெக்ஸிகோவுடனான ஆட்டத்தின் இடைவேளையில் அனெல்கா பயிற்றுநரைத் திட்டினார், அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதைக் கண்டித்து மற்ற வீரர்கள் பயிற்சிக்கு இறங்க மறுத்து பஸ்ஸுக்குள் இருந்தார்கள். மூன்று ஆட்டத்திலும் சேர்த்து ஒரு கோல், ஒரு புள்ளி, குழுவில் கடைசி இடம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த பஸ்ஸுக்குள் எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். ஆகவே "பெடியன்கள் எல்லாம் ஒற்றுமை சேர்" என்று யாராவது சொன்னால், எதற்கான ஒற்றுமை என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அணிக்குள் இருக்கும் பொருத்தத்தை எண்ணிப் பார்க்கவும் முடியும். நான் பயிற்சி ஆட்டங்களில் யார் யாருக்கு எத்தனை பாஸ் கொடுக்கிறான் என்று கோடு போட்டுக்கொண்டு வருவேன். ஒரு வருடம் எங்கள் வலது விங்கில் அருமையான ஒரு பெடியன் இருந்தான். ஆளில்லாத இடத்தில் நின்று கையைத் தூக்குவான், பந்து வராது. கொப்பியைப் பார்த்தால், நடுவரிசையில் ஆட்டத்தை நடத்துகிறவனிடமிருந்து அவனுக்கு முதல் பாதி முழுக்க ஒரு பாஸும் இல்லை. விசாரித்தால், பல மாதங்களுக்கு முன் இருவரின் கழகங்களும் மோதிய ஆட்டத்தில் கணுக்காலில் விழுந்த ஒரு உதை! ஒருவன் கிண்ணியா, மற்றவன் திருகோணமலை டவுன். நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. மூன்று கிழமை எல்லா ஜோடிப் பயிற்சியிலும் இருவரையும் ஒன்றாகப் போட்டேன். வலையும் பந்துப் பையும் இருவரும் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்றேன். நாலாவது கிழமை கொப்பியில் கோடுகள் விழத் தொடங்கின. இருவரும் இன்றைக்கும் நெருங்கிய நண்பர்கள் இல்லை. எனக்கு அது தேவையும் இல்லை, பந்து போகிறது.

கழகப் பகையை மாவட்ட அணிக்குள் கொண்டுவருவது எங்களுக்கு மட்டும் உள்ள நோய் என்று நினைக்க வேண்டாம். 2011இல் ரியல் மட்ரிட், பார்சிலோனா ஆட்டங்கள் அடிபிடி அளவுக்குப் போனபோது, இரண்டு கழகத்து வீரர்களும் சேர்ந்து ஆடிய ஸ்பெயின் அணியே உடையப் பார்த்தது. ஸ்பெயின் அணித்தலைவர், ரியல் மட்ரிட்டின் காசியாஸ், தானே தொலைபேசியை எடுத்து பார்சிலோனா வீரர் சாவியுடன் (Xavi) பேசினார். அடுத்த வருடம் ஸ்பெயின் மறுபடி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. டவுன், கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று நாலு பக்கத்திலிருந்தும், மூன்று சமூகத்திலிருந்தும் ஆள் எடுக்கிற எங்களுக்கு, முதலில் போன் எடுக்கிற ஒரு தலைவன் வேண்டும். கையில் பட்டியை யாருக்குக் கட்டுவது என்று முடிவு செய்யும்போது நான் பார்ப்பது இதைத்தான்.

அப்புறம், வெளியே இருக்கிறவர்கள். 20 பேரில் 11 பேர் ஆடுவார்கள், ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம் என்றால் 16. மிச்சம் நாலு பேர் சீருடையோடு வந்து சீருடையோடு வீட்டுக்குப் போவார்கள். உடைமாற்றும் அறையின் காற்றைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த நாலு பேர்தான். 2018இல் பிரான்ஸ் உலகக்கிண்ணம் வென்றபோது 23 பேர் குழாமில் இருந்த அடில் ராமி ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. ஆனால் அணியைக் கலகலப்பாக வைத்திருந்தவர் என்று அவரைப் பற்றிச் சக வீரர்கள் பேசினார்கள். 18ஆவது, 19ஆவது, 20ஆவது பெயரை எழுதும்போது "யாருக்கு ஆசை காட்டினோம், யாருடைய அப்பா கேட்டார்" என்று யோசிக்காதீர்கள். ஆடாத நாளிலும் யார் உழைப்பான் என்று யோசியுங்கள்.

வாய்க்காரர்களை வெட்டலாம் என்பதற்குச் சிலர் 2002 அயர்லாந்து அணியை உதாரணம் காட்டுவார்கள். உலகக்கிண்ணத்துக்கு முன்பே அணித்தலைவர் ரோய் கீனை வீட்டுக்கு அனுப்பினார்கள், அவர் இல்லாமலும் அணி கடைசி 16 வரை போனது என்பார்கள். உண்மைதான். ஆனால் கீன் எதைப் பற்றிக் கத்தினார்? பயிற்சித் தரை கட்டாந்தரை, உபகரணங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பிரச்சினை வெடித்தது முழு அணியையும் உட்கார வைத்து, எல்லோர் முன்னாலும் அவரிடம் விளக்கம் கேட்ட கூட்டத்தில். ஒரு பெடியனை அவன் நண்பர்கள் முன்னால் வைத்துக் கேட்டால் அவன் பின்வாங்கமாட்டான், எந்த ஊரிலும். தனியாகக் கூப்பிடுங்கள். மரத்தடியில் ஐந்து நிமிடம் போதும்.

தெரிவாளர்களே, ஒரு நாள் பார்த்துவிட்டுக் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குறைந்தது மூன்று நாள் பாருங்கள், அதில் ஒரு நாள் அவன் தோற்கிற நாளாக இருக்கட்டும். "சரியில்லை" என்று எழுதாதீர்கள். என்ன செய்தான், எப்போது செய்தான் என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் அது காரணமே அல்ல. ஒரு துண்டுக் கடதாசியில், பெயர் போடாமல், "உனக்குப் பக்கத்தில் யார் ஆட வேண்டும்" என்று பெடியன்களிடமே கேளுங்கள். அவர்கள் எழுதுவதில் பாதிக்கு மேல் எங்கள் கண்ணில் படாதவை. என் குழாமில் நான் மன்னிக்காதவை மூன்று: கை நீட்டுவது, சாதி, மதம், மொழி சொல்லி ஏசுவது, சொல்லாமல் ஆட்டத்துக்கு வராமல் விடுவது. மற்ற எல்லாவற்றுக்கும் தவணை உண்டு. பதினைந்து வயதுப் பெடியன் ஆறு மாதத்தில் வேறு ஆளாக மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெற்றோரே, கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர் பிள்ளையைப் பேர் சொல்லிக் கத்த வேண்டாம். உங்கள் மகனுக்கு அடுத்த பாஸ் வராமல் போவதற்கு அது ஒன்றே போதும். ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் "எத்தனை கோல்?" என்ற கேள்வியை ஒரு நாளைக்காவது விட்டுவிட்டு "யாருக்குப் பந்து எடுத்துக் கொடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கோல்காப்பாளர் இப்போதும் காலையில் கடற்கரை மணலில் தம்பியைப் பந்து எறியச் சொல்லித் தனியாகப் பயிற்சி எடுக்கிறான். போன கிழமை கண்டேன். "சேர், நான் எந்தப் பந்தை விட்டேன்?" என்று கேட்டான். தான் நீக்கப்பட்டது பந்தை விட்டதற்காக என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான், ஏனென்றால் யாரும் அவனிடம் காரணத்தைச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் கோடு போட்டவர் இதை வாசித்தால், தயவுசெய்து இந்தக் கிழமைக்குள் அவன் வீட்டுக்குப் போய், அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.